விதை ஆகஸ்டில், முன்னறிவிப்பு அக்டோபரில்: சீர்காழிக் கடைமடையில் ஒரு சம்பா பருவம்

பதிவின் நோக்கம்

மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழி வட்டத்தில், காவிரிப் பாசனத்தின் கடைசி முனையில் இருக்கும் கடைமடைக் கிராமம் ஒன்றில் 2022–23 சம்பா பருவத்தில் எடுக்கப்பட்ட சாகுபடி முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் இங்கே பதிவு செய்கிறேன். காலநிலை ஆய்வுகள் சொல்வதை உழவர்களிடம் எடுத்துச் சென்று, பருவத் திட்டத்தை அவர்களோடு கூடி வகுப்பது எங்கள் குழுவின் வேலை. அந்த ஆண்டு வெள்ளத்தைத் தாங்கட்டும் என்று தேர்ந்தெடுத்த நெல் ரகம் வெள்ளத்தைத் தாங்கியது. தாங்கிய விதத்தாலேயே இரண்டரை மாதம் கழித்து இன்னொரு மழையில் சிக்கிக்கொண்டது. டெல்டாவில் தகவமைப்புத் திட்டம் தீட்டுகிறவர்கள் இந்த ஒரு சங்கிலியைக் கவனித்தால் போதும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஊரும் ஆட்களும் பெயரின்றி வருகிறார்கள்.

நிலமும் நீரும்

ஊரின் நஞ்சை இரண்டு வெளிகளாகக் கிடக்கிறது. சாலையை ஒட்டிய மேல்வெளியில் மழைநீர் ஓரிரு நாளில் இறங்கிவிடும். கிழக்கே இருப்பது பள்ளவெளி. அங்கே கனத்த களிமண். தேங்கிய நீர் லேசில் போகாது. இரண்டு வெளிகளுக்கும் வடிகால் ஒன்றுதான். அது அடுத்த ஊர் எல்லையைத் தாண்டி உப்பனாற்றில் விழுகிறது. உப்பனாறு திருமுல்லைவாசலில் கடலில் கலக்கிறது. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆற்று நீர் வெளியேறுவதில்லை, உப்புநீர்தான் எதிர்த்து ஏறுகிறது. எத்தனை சென்டிமீட்டர் மழை என்பதைக் காட்டிலும் அது வயலில் எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் இங்கே பயிரின் உயிரைத் தீர்மானிக்கிறது.

சம்பாவுக்கு இரண்டு இடங்களிலிருந்து நீர் வருகிறது. ஒன்று, கர்நாடக, கேரள மலைகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் நிரம்பும் மேட்டூர் அணை. மற்றொன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊரின் மேலேயே பெய்யும் வடகிழக்குப் பருவமழை. பசிபிக் கடலின் நிலை இந்த இரண்டையும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் அசைக்கிறது. நடுப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை மெலிந்து வடகிழக்குப் பருவமழை வலுக்கும் போக்கு உண்டு. அது குளிரும் லா நினா ஆண்டுகளில் இதற்கு நேர்மாறு. இது போக்கு மட்டுமே. இதை விதியாக எடுத்துக்கொண்டு விதைக்க முடியாது.

சாகுபடி செய்பவர்களில் பாதிக்கு மேல் குத்தகைக்காரர்கள். வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம்; எழுத்தில் எதுவும் கிடையாது. இந்த விவரம் பின்னால் பெரிதாக வரும்.

2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2018 நவம்பரில் கஜா புயல். 2020 டிசம்பரில் புரெவி. அது ஓய்ந்த பிறகு 2021 ஜனவரியிலும் மழை விடாமல் பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே தலைமுறை உழவர்கள் ஆறே ஆண்டுகளுக்குள் பார்த்திருந்தார்கள்.

ஆகஸ்ட்: கையில் இருந்த தகவல்கள்

மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது மரபு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஜூலை நடுவில் அணை நிரம்பியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடத்தில் விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் நீர் போயிற்று. ஆற்றுக்குள் இருக்கும் திட்டுக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் எங்கள் திட்டக் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. கூடியிருந்தவர்கள் பேச்சில் வெள்ளத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. கொள்ளிடத்து வெள்ளம் கர்நாடகத்தில் பெய்த மழை; அது கரைக்குள் இருக்கும்வரை இந்த ஊர் வயலுக்கு வராது. இங்கே பயிரை மூழ்கடிப்பது நவம்பரில் தலைக்கு மேல் பெய்யும் மழை. இரண்டும் வேறு என்பதை எடுத்துச் சொன்னோம். ஆனால் கண்ணால் பார்த்த வெள்ளம் மனத்தில் உட்கார்ந்துவிட்டால் அதைப் பிரித்துப் பார்ப்பது யாருக்கும் எளிதில்லை.

ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது எது, சொல்ல முடியாதது எது என்று தனித்தனியே முன்வைத்தோம். காற்று 1 டிகிரி சூடானால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். ஆகவே கனமழை பெய்யும்போது இன்னும் கனமாகப் பெய்யும். காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. அமைப்பின் 2021 அறிக்கை இதை மிகுந்த நம்பிக்கையோடு சொல்கிறது. கடல் மட்டம் உயர்கிறது, வடிகால் வாய் மேலும் மேலும் அடைபடும் என்பதிலும் ஐயமில்லை.

இந்த ஊருக்கு வரும் நவம்பர் எப்படி இருக்கும் என்று கேட்டால் அதே அறிவியல் கை விரிக்கிறது. உலகளாவிய காலநிலை மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கமே 100 கிலோமீட்டரைத் தொடும். காவிரி டெல்டா முழுவதும் அதில் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிப்போகும். வடகிழக்குப் பருவமழையை அந்த மாதிரிகள் சரிவரப் பிடிப்பதும் இல்லை. அடுத்த பத்து, இருபது ஆண்டுகளுக்கு, ஒரு சிறு பகுதியின் மழையில் ஆண்டுக்காண்டு இயல்பாக ஏற்படும் ஏற்ற இறக்கம் காலநிலை மாற்றத்தின் சாயலையே மறைத்துவிடும் அளவுக்குப் பெரியது. 2022 தொடர்ந்து மூன்றாவது லா நினா ஆண்டு. புள்ளிவிவரப்படி வடகிழக்குப் பருவமழை மெலிய வேண்டும். ஆனால் முந்தைய 2021உம் லா நினா ஆண்டுதான். மழை இயல்பைவிட மிக அதிகமாகக் கொட்டியது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் பொருந்தவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கான முன்னறிவிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை அக்டோபர் தொடக்கத்தை ஒட்டித்தான் வெளியிடுகிறது. சம்பா விதையை ஆவணியில் ஊறப் போட்டாக வேண்டும். நீண்டகால ரகமா, மத்தியகால ரகமா என்ற கேள்விக்கு விடை தேவைப்படும் நேரத்தில் அந்த விடைக்கு உதவும் தகவல் பிறந்திருக்காது. காலநிலை ஆய்வும் கொள்கையும் இந்த எளிய பொருத்தமின்மையை இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது என் உறுதியான கருத்து.

எடுத்த முடிவும் காரணமும்

பள்ளவெளி முழுவதற்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகம் என்று பெரும்பான்மையோர் தீர்மானித்தார்கள். சாவித்திரி என்று டெல்டாவில் பெயர் பெற்ற பழைய சி.ஆர். 1009 ரகத்தோடு, நீரில் மூழ்கினாலும் தாங்கும் சப் 1 மரபணுவைச் சேர்த்து உருவாக்கியது இது. வயது 155 நாள் அளவில். வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு வாரம் வரை முழுதாக மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மேல்வெளியில் பாதிப் பரப்புக்கும் அதையே எடுத்தார்கள். மீதிப் பரப்பில் 135 நாள் ரகமான ஆடுதுறை 46.

ஒரு பெண் மட்டும் உடன்படவில்லை. கணவரை இழந்தவர், மேல்வெளியில் ஆறு மா, பள்ளவெளியில் மூன்று மா (மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்) குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். “தை மாதத்து மழையில் போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் கதிர் சாய்ந்தது தம்பி. பொங்கலுக்கு முன்னால் அறுத்துவிட வேண்டும் என்றுதான் நான் பார்க்கிறேன்” என்றார். இரண்டு இடத்திலும் ஆடுதுறை 46 விட்டார். அவர் சொன்னதற்குக் கூட்டத்தில் மறுப்பு எழவில்லை. ஆனால் ஜனவரி, பிப்ரவரி மழை கூடுமா குறையுமா என்பதற்கு ஆய்வில் தெளிவான விடை இல்லை. கனமழை பெய்தால் இன்னும் கனமாகும் என்பதற்கு இருந்தது. தெளிவாகத் தெரிந்த ஆபத்தின் பக்கமே முடிவு சாய்ந்தது.

இரண்டாவது முடிவு வடிகாலைப் பற்றியது. மழை அதிகமானாலும் குறைந்தாலும், எந்த மாதத்தில் வந்தாலும், நஷ்டம் தராத செலவு எது என்று கேட்டபோது எல்லோரும் சொன்ன ஒரே பதில் இதுதான். மாவுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, செப்டம்பரில் பொக்லைன் வைத்து ஊர் எல்லைவரை தூர்வாரினார்கள். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மலைபோல் வெளியே வந்தன. எல்லைக்கு அப்பால் உள்ள பகுதியும், சாலைக்கு அடியில் செல்லும் குறுகலான குழாய்ப் பாலமும், உப்பனாற்றில் சேரும் மதகும் மூன்று வெவ்வேறு அலுவலகங்களின் பொறுப்பில் இருந்தன. மனு கொடுத்தார்கள். பருவத்துக்குள் எதுவும் நடக்கவில்லை.

நவம்பர் 11

அன்றிரவு சீர்காழியில் பெய்த மழை ஊர் அறியாதது. 12ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர். அந்தப் பருவத்தில் தமிழ்நாடு முழுவதும் பெய்த வடகிழக்குப் பருவமழையின் சராசரி அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான்; அதாவது பருவம் மொத்தத்தில் இயல்பை ஒட்டியே முடிந்தது. பருவச் சராசரியை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மேல்வெளியில் நீர் மூன்றாம் நாளில் பயிரின் தலைக்குக் கீழே இறங்கிவிட்டது. தூர்வாரிய வடிகால் அங்கே தன் வேலையைச் செய்தது. எந்த ரகமானாலும் பிழைத்தது. பள்ளவெளியில் நீர் ஒன்பது நாள் நின்றது. எல்லைவரை வேகமாக வந்த நீர் குழாய்ப் பாலத்தில் முட்டி, பள்ளவெளிக்கே திரும்பி ஏறியதை நேரில் பார்த்தோம். மேல்வெளிக்கு நன்மை செய்த அதே தூர்வாரல், கீழ்ப்பகுதி அடைபட்டிருந்ததால், பள்ளவெளியின் சுமையைக் கூட்டியது என்றே நான் கருதுகிறேன்.

நீர் வடிந்ததும் பள்ளவெளிப் பயிர் சேறு பூசிக் கிடந்தது. ஒரு வாரத்தில் சப் 1 பயிரில் புதுக் குருத்து எழுந்தது. யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் ஓர் இரவு கலந்து வைத்து, பொட்டாஷ் சேர்த்து இட்டார்கள். ஓரங்களில் அழுகிய இடங்களில், அடர்ந்த குத்துகளைப் பிரித்து நட்டார்கள். அந்தப் பெண்மணியின் மூன்று மா முழுதும் அழுகிப்போயிற்று. மறுபடி நாற்றுவிட நாள் இல்லை.

காப்பீடு

சம்பா நெல்லுக்குப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. மழை 11இல் பெய்தது. காலக்கெடு நீட்டிக்கப்பட்டது, ஆனாலும் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் சான்று நில உரிமையாளர் பெயரிலேயே வரும் என்பதால், எழுத்து ஒப்பந்தம் இல்லாத குத்தகைக்காரர்களில் சிலர்தான் சேர முடிந்தது. உரிமையாளர் வெளியூரில் இருந்தால் கையெழுத்து வாங்கப் போய் வரவே நேரம் சரியாகப் போயிற்று.

அந்தப் பெண்மணி எப்படியோ சேர்ந்துவிட்டார். பிரீமியத்தில் உழவர் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். இழப்பீடு கிடைக்கவில்லை. இந்தத் திட்டத்தில் நெல்லின் விளைச்சல் இழப்பு வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொண்டு, பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் சராசரியால் கணக்கிடப்படுகிறது. ஊரில் பெரும்பாலான பயிர் பிழைத்திருந்ததால் சராசரி விழவில்லை. தனி வயலில் வெள்ளம் தேங்கி ஏற்படும் இழப்பைத் தனியாக மதிப்பிடும் பிரிவிலிருந்து நெல் 2018இலேயே நீக்கப்பட்டிருந்தது. கடைமடைப் பள்ளவெளிக்கு இதைவிடப் பொருந்தாத விதி இருக்க முடியாது. அந்த இழப்பு 2026 காரீப் பருவத்திலிருந்து மீண்டும் சேர்க்கப்படும் என்று மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது.

பிப்ரவரி

மூழ்கும்போது சப் 1 பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. மற்ற ரகங்கள் நீருக்கு மேலே தலைகாட்ட நீண்டு நீண்டு சேமிப்பைத் தீர்த்துவிட்டு அழுகும்போது, இது அசையாமல் காத்திருந்து, நீர் வடிந்தபின் எழுகிறது. பிழைப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் காத்திருந்த நாள்களும் தேறி எழும் நாள்களும் வயதில் கூடுகின்றன. பூப்பதும் முற்றுவதும் தள்ளிப்போகின்றன. ஜனவரி கடைசியில் தொடங்கியிருக்க வேண்டிய பள்ளவெளி அறுவடை பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு நகர்ந்தது.

தென்மேற்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கைக் கரையைக் கடந்தபோது டெல்டாவில் பருவம் தவறிய மழை கொட்டியது. முற்றிய கதிரோடு பயிர் படுத்தது. நீர் தேங்கிய இடங்களில் நெல் கதிரிலேயே முளைவிட்டது. அறுவடைக்கு முன் தெளித்திருந்த உளுந்தும் போயிற்று. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்கு எல்லா ஊரும் போட்டியிட்டதால் வாடகை ஏறியது, அதுவும் சாய்ந்த பயிரை அறுக்க இரட்டிப்பு நேரம் எடுத்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வரம்பைத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்தது. அதுவரை சாலையோரத்தில் நெல்லைக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தார்கள்.

மேல்வெளியின் ஆடுதுறை 46 ஜனவரியிலேயே வீடு சேர்ந்திருந்தது. அந்தப் பெண்மணியின் ஆறு மாவும் அதில் அடக்கம். அவருடைய கணிப்பு அந்த ஆறு மாவில் பலித்தது, மூன்று மாவில் பொய்த்தது. சி.ஆர். 1009 போட்டவர்களின் கணிப்பு நவம்பரில் பலித்தது, பிப்ரவரியில் பொய்த்தது. யார் சொன்னது சரி என்று ஊரில் நடந்த வாதத்துக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று மாநில அரசு அறிவித்தது. கணக்கெடுப்பு விரைவாகவே நடந்தது. குத்தகைக்காரர்கள் சிலருக்கு அந்தப் பணம் உரிமையாளர் வழியாக முழுதாகக் கிடைத்தது, சிலருக்குப் பாதி, சிலருக்கு இல்லை.

அடுத்த பருவமும் மாற்றியவையும்

2023இல் காற்று திசை மாறியது. எல் நினோ உருவாயிற்று. கர்நாடக நீர்ப்பிடிப்பில் மழை குறைந்தது. ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அக்டோபர் 10இல் மூடப்பட்டது. வெள்ளத்தைத் தாங்கும் விதையை மட்டும் நம்பி இருந்திருந்தால் அந்த ஆண்டு நீரில்லாமல் தவித்திருப்பார்கள்.

முதல் மாற்றம், கேள்வியை மாற்றியது. “இந்த ஆண்டு மழை அதிகமா, குறைவா?” என்று கேட்பதைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு ரகத்துக்கும் நாற்று, தூர் கட்டும் காலம், பூக்கும் காலம், முற்றும் காலம் எந்த வாரத்தில் விழும், அந்த வாரத்தில் எத்தனை நாள் நீர் தேங்கினால் தாங்கும், எத்தனை நாள் நீரில்லாவிட்டால் தாங்கும் என்று ஒரு சுவர் அட்டவணை தயாரித்தோம். மூழ்கினால் வயது எவ்வளவு நீளும் என்பதும் அதில் உண்டு. சென்ற பருவத்தில் விடுபட்டிருந்த தகவல் அதுதான். அது எந்தக் காலநிலை மாதிரியிலிருந்தும் வர வேண்டியதில்லை. நெல் ஆராய்ச்சியில் ஏற்கெனவே இருப்பது. காலநிலை ஆய்வும் பயிர் ஆய்வும் தனித்தனி மேசைகளில் இருப்பதால் உழவருக்கு இப்படிப்பட்ட இடைவெளிகள் மிஞ்சுகின்றன.

அதன்படி பள்ளவெளியில் சப் 1 ரகத்தை ஆகஸ்ட் தொடக்கத்திலேயே விடுவது, மழையில் வயது நீண்டாலும் தை பாதிக்குள் அறுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். மேல்வெளியில் மூன்று தவணையாக, இரண்டு வயதுகளில் விதைத்தார்கள். எந்த மழை வந்தாலும் ஒரு பங்கு போகும், ஆனால் எல்லாம் ஒன்றாகப் போகாது. இதற்கு விலை உண்டு: நடவாள்களையும் அறுவடை வண்டியையும் ஒரே நேரத்தில் பேசி மலிவாக முடிக்க முடியாது. அந்தக் கூடுதல் செலவை ஏற்க முடியாத சிறு குத்தகைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் திட்டம் முழு விடையாகவில்லை.

வடிகாலில் ஊர் எல்லையில் பலகை வைத்து அடைக்கும் சிறு தடுப்பு கட்டினார்கள். வெள்ளக் காலத்தில் திறப்பதற்கும், நீர் பற்றாத காலத்தில் மூடிச் சேமிப்பதற்கும் அதே தடுப்புதான். 2023 அக்டோபருக்குப் பிறகு பள்ளவெளியின் கடைசி நனைப்புகள் சிலவற்றை அந்த நீர்தான் கொடுத்தது. முன்னறிவிப்பு எந்தப் பக்கம் போனாலும் பயன்படும் செலவு என்று முதல் கூட்டத்தில் சொன்னது அந்த இடத்தில் மெய்யானது.

வெண்ணாற்று உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு 2016இல் ஒப்புதல் பெற்ற காலநிலைத் தகவமைப்புத் திட்டம், ஆற்றையும் வடிகாலையும் கடல்வரை ஒரே அமைப்பாகப் பார்த்தது. அந்தப் பார்வை இந்த ஊர் போன்ற சிறு வடிகால்களுக்கும் வர வேண்டும். மேலே தூர்வாரிக் கீழே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளவெளியின் ஒன்பது நாள் சாட்சி.

குழாய்ப் பாலம் இன்னும் அதே அகலத்தில் இருக்கிறது. 2023இலிருந்து உழவர் குழு பாலத்தின் இரு பக்கமும் அளவுகோல் நட்டு, மழை நாள்களில் காலையும் மாலையும் நீர்மட்டத்தையும், கடல் ஏற்ற வற்ற நேரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதிவருகிறது. பொதுவாக “வடிகாலைச் சரிசெய்யுங்கள்” என்று முன்பு கொடுத்த மனுவுக்குப் பதிலாக, எந்த மட்டத்தில் நீர் பின்னேறுகிறது, எத்தனை குழாய் கூடுதலாகத் தேவை என்று குறிப்பிட்ட புதிய மனு அந்தப் பதிவேட்டின் நகலோடு மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் போயிருக்கிறது.